கரையில் ஒதுங்கிய உடலிலிருந்து தீர்ப்பு வரை: ஒரு கொலை வழக்கு எப்படி நடக்கிறது?

“விசாரணையில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.” பேப்பரில் இந்த வரியைப் படித்ததும் வழக்கு முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். சில வருடம் கழித்து அதே ஆள் விடுதலையாகி ஊருக்குள் வந்தால், “காசைக் கொடுத்து வெளிய வந்துட்டான்” என்று அடுத்த முடிவுக்கும் வந்துவிடுகிறோம். இரண்டுமே அவசர முடிவுகள். போலீஸிடம் ஒருவர் சொன்ன ஒப்புதலைக் குற்றத்துக்கான சாட்சியமாக நம் சட்டம் ஏற்பதில்லை. நீதிமன்றத்தில் நிற்பவை வேறு. முதல் ஓரிரு நாளில் எழுதப்பட்ட காகிதங்கள், பிரேதப் பரிசோதனை அறிக்கை, பயப்படாமல் கூண்டில் ஏறும் நாலைந்து சாதாரண மனிதர்கள். இவற்றில் எது எங்கே பிசகினாலும் உண்மையான கொலைகாரன்கூட வெளியே வருவான். எந்தக் குற்றமும் செய்யாதவர் உள்ளே போவதும் இதே இடங்களில்தான் நடக்கிறது.

நம் ராமநாதபுரம் கடற்கரையை வைத்தே இதைப் பார்க்கலாம். ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவே, வடகடல் என்று நாம் சொல்லும் பாக் நீரிணை ஓரம் ஒரு கிராமம். விடிகாலையில் நண்டு வலை பார்க்கப் போனவர்கள் கரையில் ஓர் ஆண் உடல் ஒதுங்கிக் கிடப்பதைப் பார்க்கிறார்கள். முகம் அடையாளம் தெரியவில்லை. கழுத்தில் ஏதோ தடம்.

யார் புகார் கொடுப்பது?

இறந்தவர் யாரென்றே தெரியாதபோது புகார் கொடுக்கச் சொந்தக்காரர் எங்கிருந்து வருவார்? நம் ஊர்களில் அந்த வேலை பெரும்பாலும் விஏஓ தலையில்தான் விழும். யாராவது போன் போட்டுச் சொல்வார்கள். அவர் தலையாரியோடு வந்து பார்த்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுப்பார். அதன்பேரில் முதல் தகவல் அறிக்கை பதிவாகும். முதலில் அது கொலை வழக்காக இருக்காது, சந்தேக மரணமாக இருக்கும். 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதில் சந்தேக மரணத்துக்கு 194ஆம் பிரிவு. பழைய ஆட்கள் இன்னும் ‘174 கேஸ்’ என்றுதான் சொல்வார்கள். பிரேதப் பரிசோதனை முடிந்து, கொலைதான் என்று தெரிந்த பிறகு பிரிவை மாற்றுவார்கள். அப்போது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 103 வரும். நமக்கெல்லாம் தெரிந்த பழைய 302 இதுதான். 2024 ஜூலைக்கு முன்பு நடந்த கொலைகள் இன்றைக்கும் 302ஆகவே நடக்கின்றன.

“இது எங்க லிமிட் இல்ல, மரைன் ஸ்டேஷனுக்குப் போங்க” என்று திருப்பி அனுப்பினால்? அனுப்பக் கூடாது. எல்லை எதுவாக இருந்தாலும் தகவல் வந்த ஸ்டேஷன் பதிவு செய்துவிட்டு, பிறகு உரிய ஸ்டேஷனுக்கு மாற்ற வேண்டும். இதைப் புதிய சட்டம் 173ஆம் பிரிவில் எழுத்திலேயே வைத்திருக்கிறது. கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர் போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் லலிதா குமாரி வழக்கில் சொல்லிவிட்டது. கடலுக்குள் நடந்த கொலை என்றாலும் கரையிலிருந்து 12 கடல் மைல் வரை நம் எல்லைக்கடல்தான், நம் சட்டம்தான்.

எஃப்.ஐ.ஆரில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் போலவே அது எப்போது எழுதப்பட்டது என்பதும் பெரிய விஷயம். பதிவானதும் ஒரு போலீஸ்காரர் அதன் பிரதியை நீதித்துறை நடுவரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தொண்டிப் பக்கம் என்றால் திருவாடானை. நடுவர் கையெழுத்துப் போட்டு, வாங்கிய தேதியையும் நேரத்தையும் குறிப்பார். காலை 8 மணிக்குப் பதிவானதாகச் சொல்லும் அறிக்கை மறுநாள் மாலை நடுவர் கைக்குப் போனால், இடையில் என்ன நடந்தது என்ற கேள்வி வரும். உட்கார்ந்து யோசித்து, வேண்டியவர் பெயரை எடுத்து வேண்டாதவர் பெயரைச் சேர்த்து எழுதினார்களா? எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தேடுவது அந்தக் கையெழுத்துக்குக் கீழே உள்ள நேரத்தைத்தான். நியாயமான சந்தேகம் என்றுதான் நானும் சொல்வேன்.

உடல் கிடந்த இடத்திலேயே இரண்டு காகிதங்கள் தயாராகும். ஒன்று பார்வை மகஜர். இடம் எப்படி இருந்தது, உடல் எந்தத் திசை பார்த்துக் கிடந்தது, சுற்றி என்ன இருந்தது என்ற விவரம். கூடவே ஒரு மாதிரி வரைபடம். இன்னொன்று ஊர்ப் பஞ்சாயத்தார் முன்னிலையில் எழுதும் பிரேத விசாரணை அறிக்கை. மகஜரில் கையெழுத்துப் போடச் சொன்னால் நம் ஆட்கள் நழுவிவிடுவார்கள். “நமக்கெதுக்குய்யா கோர்ட்டு வாசல்?” என்பார்கள். அதனாலேயே பெரும்பாலான வழக்குகளில் விஏஓவும் தலையாரியும் மட்டுமே மகஜர் சாட்சிகளாக நிற்கிறார்கள். ஊர்க்காரர் ஒருவர் அந்தக் காகிதத்தில் இருந்தால் வழக்குக்கு வரும் பலம் தனி.

ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் இடத்துக்கு வந்து பார்க்க வேண்டும் என்பது புதிய சட்டத்தின் நல்ல மாற்றம். இதைப் படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். சோதனை, கைப்பற்றுதல் எல்லாவற்றையும் வீடியோ எடுக்க வேண்டும் என்பதும் 105ஆம் பிரிவில் இருக்கிறது. கடற்கரையில் இது ரொம்பவும் வேண்டும். மணலில் கால்தடம் நிற்காது. காற்று கொஞ்சம் ஏறினால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் மூடிவிடும். தண்ணீர் ஏறினால் கேட்கவே வேண்டாம்.

உடல் சொல்லும் சாட்சி

கடலிலிருந்து வந்த உடலில் மருத்துவர் தேடும் முதல் பதில்: உயிரோடு விழுந்தாரா, இறந்த பிறகு போடப்பட்டாரா?

உயிரோடு மூழ்குகிறவர் மூச்சுக்குத் தவிக்கும்போது தண்ணீர் நுரையீரலுக்குள் போகும். காற்றும் சளியும் தண்ணீரும் கலந்து மெல்லிய வெள்ளை நுரை மூக்கிலும் வாயிலும் கட்டும். துடைத்தாலும் திரும்ப வரும். நுரையீரல் உப்பிப்போயிருக்கும். சிலர் கை விரல்கள் கடற்பாசியையோ மணலையோ இறுகப் பிடித்தபடி இருக்கும். அது கடைசி நொடியில் உயிர் இருந்ததற்கு அடையாளம். உடல் அழுகத் தொடங்கிவிட்டால் இந்த அடையாளங்கள் பல மறைந்துவிடும். அப்போது டையாட்டம் சோதனை செய்வார்கள். டையாட்டம் என்பது கடல்நீரில் வாழும், கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி. அதன் ஓடு கண்ணாடிபோல் சிலிக்காவால் ஆனது, லேசில் அழியாது. மூழ்கும்போது இதயம் ஓடிக்கொண்டிருந்தால், நுரையீரலுக்குள் போன டையாட்டம் இரத்தத்தில் கலந்து தொடை எலும்பின் மஜ்ஜைவரை போய்ச் சேரும். இதயம் நின்ற பிறகு தண்ணீரில் போட்டால் அவ்வளவு தூரம் போக வழியில்லை. எலும்பு மஜ்ஜையை அமிலத்தில் கரைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். ஒப்பிட்டுப் பார்க்க உடல் கிடந்த இடத்துக் கடல்நீரும் வேண்டும். அந்த ஒரு பாட்டில் தண்ணீரை எடுக்க மறந்தால் சோதனைக்குப் பாதி மதிப்புதான். இந்தச் சோதனையை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். மற்ற அடையாளங்களோடு சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.

கடலில் கிடந்த உடலில் காயங்களைப் படிப்பது தனி வேலை. உதடு, இமை, காது மடல் போன்ற மெல்லிய இடங்களை மீனும் நண்டும் கடித்திருக்கும். பாறையிலும் படகிலும் மோதிய சிராய்ப்புகள் இருக்கும். உயிர் இருக்கும்போது ஏற்பட்ட காயத்தைச் சுற்றித் திசுக்களில் இரத்தம் கசிந்து உறைந்திருக்கும். இறந்த பிறகு ஏற்பட்டதில் அப்படி இருக்காது. நம் கற்பனை வழக்கில் கழுத்துத் தடம் கிடைமட்டமாக, கழுத்தை முழுக்கச் சுற்றி ஓடுகிறது. தூக்கில் தொங்கினால் தடம் பெரும்பாலும் காதுப் பக்கம் மேல்நோக்கிச் சாயும், முழு வட்டமாக இருக்காது. தடத்துக்கு உள்ளே தசைகளில் இரத்தக் கசிவு, குரல்வளைக் குருத்தெலும்பில் முறிவு. மஜ்ஜையில் டையாட்டம் இல்லை. மருத்துவர் கயிற்றால் இறுக்கப்பட்டு மூச்சுத் திணறி இறந்தார் என்று கருத்து எழுதுகிறார். அன்றைக்கே வழக்கின் பிரிவு மாறுகிறது.

செத்தது யார்?

கொலை நடந்ததை நிரூபித்தால் மட்டும் போதாது. செத்தது இன்னார் என்பதையும் நிரூபிக்க வேண்டும். இதற்கு நம் ரயில் பாதையிலேயே பழைய, பிரபலமான உதாரணம் உண்டு.

1964 டிசம்பர் புயலில் அழியும்வரை தனுஷ்கோடிக்கு ரயில் போய்க்கொண்டிருந்தது. சென்னை எழும்பூரிலிருந்து வரும் போட் மெயிலில் வந்து, தனுஷ்கோடித் துறையில் கப்பலேறித் தலைமன்னார் போவார்கள். 1952 ஆகஸ்ட் இறுதியில் அந்த ரயிலின் ஒரு பெட்டியில் துர்நாற்றம் தாங்காமல் பயணிகள் புகார் செய்ய, மானாமதுரையில் ஓர் இரும்பு டிரங்குப் பெட்டியை இறக்கித் திறந்தார்கள். உள்ளே தலையில்லாத உடல். மானாமதுரை அப்போது ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த ஊர். தலை கிடைத்தது சென்னை ராயபுரம் கடற்கரையில். மணலில் புதைத்து வைத்திருந்ததை அலை வெளியே கொண்டுவந்துவிட்டது.

ஓர் ஊரில் உடல், நானூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளித் தலை. இரண்டும் ஒருவருடையதுதான் என்று எப்படிச் சொல்வது? தடயவியல் மருத்துவர் இரண்டையும் பொருத்திப் பார்த்தார். காதில் இருந்த துளைகள், பல்வரிசையில் இருந்த ஒரு தனித்தன்மை ஆகியவற்றை வைத்து அடையாளம் சொன்னார்கள். கைரேகை, இறந்தவர் முன்பு ராணுவத்தில் வேலை பார்த்தபோது எடுத்து வைத்திருந்த பதிவோடு ஒத்துப்போனது. சென்னையில் காணாமல்போன வியாபாரி ஆளவந்தார்தான் அவர் என்று முடிவானது. டிஎன்ஏ என்ற பேச்சே இல்லாத காலம் அது. அவ்வளவு பொறுமையாக ஒரு மனிதரின் அடையாளத்தை மீட்டெடுத்தவர்களை நினைத்தால் மரியாதைதான் வருகிறது. கைது, வழக்கு, தண்டனை எல்லாமே அந்த வேலையின்மேல் கட்டப்பட்டவை. இன்றைக்குப் பல்லிலிருந்தோ தொடை எலும்பிலிருந்தோ டிஎன்ஏ எடுத்து, பெற்றோர் அல்லது பிள்ளைகளின் இரத்தத்தோடு ஒப்பிடுகிறார்கள்.

நம் கற்பனை வழக்கில் அவ்வளவு சிரமம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து ஊர் நண்டு வியாபாரி ஒருவரை இரண்டு நாளாகக் காணோம் என்று புகார் இருக்கிறது. மனைவி வந்து சட்டையின் தையலையும் முழங்காலில் இருந்த பழைய தழும்பையும் பார்த்து அடையாளம் சொல்கிறார்.

பார்த்த சாட்சி இல்லாத கொலை

நடுக்கடலில் அல்லது ஆளில்லாத கரையில் நடக்கும் கொலையை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அப்போது சந்தர்ப்ப சாட்சியங்களை வைத்துத்தான் நிரூபிக்க வேண்டும். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்ன விஷயம்.

வியாபாரிக்கும் அவரோடு கூட்டுத் தொழில் செய்த படகுக்காரருக்கும் முன்பணத் தகராறு. வியாபாரியைக் கடைசியாக அந்தப் படகுக்காரரின் மோட்டார் சைக்கிளில் பார்த்ததாக டீக்கடைக்காரர் சொல்கிறார். ஈ.சி.ஆர். ரோட்டில் உள்ள ஒரு பெட்ரோல் பங்க் கேமராவில் இருவரும் பதிவாகியிருக்கிறார்கள். கேமரா பதிவைக் கோர்ட்டில் காட்ட வேண்டுமென்றால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் இல்லாத வீடியோ எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பயன்படாமல் போகலாம். செல்போன் டவர் விவரமும் வரும். டவர் ஒரு வட்டாரத்தைத்தான் காட்டும், நின்ற இடத்தைக் காட்டாது. ஒரு டவர் வெகுதூரம் எட்டும் வெட்டவெளிக் கரையில் அந்த வட்டாரம் இன்னும் பெரிது.

படகுக்காரர் சொல்கிறார்: “அன்னைக்கு ராத்திரி நான் கடல்ல கிடந்தேன்.” நம் பக்கத்தில் விசைப்படகு கடலுக்குப் போக மீன்வளத் துறையிடம் டோக்கன் வாங்க வேண்டும். பாக் நீரிணையில் விசைப்படகும் நாட்டுப்படகும் ஒரே நாளில் மோதிக்கொள்ளாமல் இருக்க, வாரத்தில் இன்ன நாள் இன்னாருக்கு என்று முறையும் உண்டு. டோக்கன் பதிவேட்டைப் பார்த்தால் அன்றைக்கு அவர் படகு டோக்கனே வாங்கவில்லை. சொன்னது பொய்.

இங்கேதான் நாம் அவசரப்படுவோம். பொய் சொன்னான், ஆகவே கொன்றான். சட்டம் அப்படிப் போவதில்லை. 1984இல் சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சந்தர்ப்ப சாட்சியத்துக்கு ஐந்து விதிகளைத் தெளிவாக வகுத்தது. ஒவ்வொரு சந்தர்ப்பமும் முழுமையாக நிரூபிக்கப்பட வேண்டும், எல்லாம் சேர்ந்து சங்கிலிபோல் அறாமல் இருக்க வேண்டும், குற்றம் சாட்டப்பட்டவர்தான் செய்தார் என்பதைத் தவிர வேறு எந்த நியாயமான விளக்கத்துக்கும் இடம் இருக்கக் கூடாது என்பது அவற்றின் சாரம். மற்ற கண்ணிகள் எல்லாம் சரியாக இருந்தால் பொய்யான வாதத்தைக் கூடுதல் கண்ணியாகச் சேர்க்கலாம். இல்லாத கண்ணிக்குப் பதிலாக அதை வைக்க முடியாது என்பதையும் அந்தத் தீர்ப்பு சொன்னது. என் பார்வையில் ஒரு சாதாரண வாசகர் கொலை வழக்குகளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

ஒப்புதல் வாக்குமூலத்தில் எது செல்லும்?

படகுக்காரர் கைதாகிறார். கைது செய்த 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். அதற்கு முன் ஸ்டேஷனில் ஒரு வாக்குமூலம் எழுதப்படுகிறது. மறுநாள் பேப்பரில் வரும் “ஒப்புக்கொண்டார்” என்பது இதுதான்.

சாக்ஷிய அதினியம் 23ஆம் பிரிவு, போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலை அவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25, 26, 27 பிரிவுகள் இதில் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. காரணம் எல்லாருக்கும் தெரிந்தது. பூட்டிய அறைக்குள் அடித்து எதை வேண்டுமானாலும் சொல்ல வைக்கலாம். வெள்ளைக்காரன் காலத்திலேயே இந்த அச்சம் சட்டத்தில் ஏறிவிட்டது.

ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. அவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும். வாக்குமூலம் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: “நான் நைலான் கயிற்றால் அவர் கழுத்தை இறுக்கிக் கொன்று, உடலை வல்லத்தில் ஏற்றிக் கொண்டுபோய்க் கடலில் போட்டேன். கயிற்றையும் அவருடைய செல்போனையும் உப்பளத்துக்குப் பக்கத்தில் உடைமரப் புதருக்குள் மறைத்து வைத்திருக்கிறேன். அழைத்துப் போனால் எடுத்துக் காட்டுகிறேன்.” இதில் முதல் வாக்கியத்தை நீதிபதி பார்க்கவே கூடாது. இரண்டாவதும் மூன்றாவதும் மட்டுமே ஆவணமாகக் குறியிடப்படும். புலுகுரி கோட்டையா வழக்கில், வெள்ளைக்காரன் காலத்து உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் இதை விளக்கியது. கத்தியைக் கூரையில் ஒளித்து வைத்திருக்கிறேன் என்று ஒருவர் சொல்லி அது எடுக்கப்பட்டால், அங்கே ஒரு கத்தி ஒளிக்கப்பட்டிருந்தது அவருக்குத் தெரியும் என்பதுதான் கண்டுபிடிப்பு. அந்தக் கத்தியால் குத்தினார் என்பதை வேறு சாட்சியம் கொண்டு நிரூபிக்க வேண்டும்.

ஆகவே கயிறு கிடைத்ததோடு வேலை முடியவில்லை. கயிற்றின் முறுக்கும் கனமும் கழுத்துத் தடத்தோடு பொருந்துகிறதா? அதில் இறந்தவரின் தோல் செல்கள் இருக்கின்றனவா? செல்போன் அவருடையதுதானா? புதர் எல்லாரும் போய்வரும் இடமா, யார் வேண்டுமானாலும் அங்கே போட்டிருக்கலாமா? எடுக்கும்போது சாட்சியாக நின்றவர் உண்மையில் அங்கே இருந்தாரா, இல்லை ஸ்டேஷனில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாரா? இதில் கடைசிக் கேள்வியில் விழுந்த வழக்குகள் ஏராளம். கைப்பற்றும்போது வீடியோ கட்டாயம் என்ற விதியை ஒழுங்காகப் பின்பற்றினால் நேர்மையான அதிகாரிக்கும் நல்லது, பொய்யாகப் பிடிபட்டவருக்கும் நல்லது.

தானாக ஒப்புக்கொள்ள விரும்புகிறவர் நடுவரிடம் புதிய நடைமுறைச் சட்டத்தின் 183ஆம் பிரிவின்படி வாக்குமூலம் கொடுக்கலாம். “நீங்கள் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னால் உங்களுக்கு எதிராகவே பயன்படும்” என்று நடுவர் எச்சரிக்க வேண்டும். யோசிக்க நேரம் கொடுப்பார், யாரும் மிரட்டினார்களா என்று கேட்பார். அதற்கு மதிப்பு உண்டு. நம் மாவட்ட வழக்குகளில் அடிக்கடி வரும் இன்னொரு வகை, குற்றவாளி தானே போய் விஏஓவிடம் ஒப்புக்கொண்டதாகச் சொல்வது. பழக்கமே இல்லாத ஒரு விஏஓவிடம் ஒருவர் ஏன் போய் மனம் திறக்க வேண்டும் என்று நீதிமன்றம் கேட்கும். வேறு ஆதரவு இல்லாவிட்டால் அதை வைத்துத் தண்டிக்கத் தயங்கும்.

கூண்டில் ஏறுகிறவர்கள்

கைதானவரை ரிமாண்டில் வைத்த நாளிலிருந்து 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். தவறினால், எவ்வளவு கொடூரமான கொலையாக இருந்தாலும் கேட்டவருக்கு ஜாமீன் கிடைத்துவிடும். அது விடுதலை இல்லை. வழக்கு அப்படியே இருக்கும். நடுவர் நகல்களைக் கொடுத்துவிட்டு வழக்கை ராமநாதபுரம் அமர்வு நீதிமன்றத்துக்கு அனுப்புவார். அங்கே குற்றச்சாட்டு வனையப்பட்டு, படித்துக் காட்டப்படும். “குற்றவாளி இல்லை” என்றதும் விசாரணை தொடங்கும். அரசுத் தரப்பு சாட்சிகள் அ.சா.1, அ.சா.2 என்றும் கயிறும் செல்போனும் சா.பொ.1, சா.பொ.2 என்றும் வரிசை எண் பெறும்.

குறுக்கு விசாரணை எப்படி இருக்கும் என்று தெரியாமல் கோர்ட்டுக்குப் போகிறவர்கள் அங்கே மிரண்டுபோகிறார்கள். டீக்கடைக்காரரிடம் நடப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“நீங்க போலீஸ்ல சொல்லும்போது, வண்டில பின்னாடி உக்காந்திருந்தவர் நீலச் சட்டை போட்டிருந்தார்னு சொன்னீங்களா?”

“சொன்னேன் சார்.”

“உங்க வாக்குமூலத்துல அது இல்லைங்கிறேன்.”

“நான் சொன்னேன் சார், அவுக எழுதாம விட்டிருப்பாக.”

“போலீஸுக்கு உதவி பண்ணணும்னு இன்னைக்குப் புதுசா சொல்றீங்க?”

“இல்லங்க ஐயா.”

விசாரணை அதிகாரியைக் கூண்டில் ஏற்றி, அவர் அப்படிச் சொல்லவில்லை என்று வக்கீல் வாங்கிக்கொள்வார். சட்டையின் நிறம் சின்ன விடுபாடு. ஆனால் ஆளையே பார்த்ததாக முதலில் சொல்லாமல் கோர்ட்டில் முதல்முறை சொன்னால் அந்தச் சாட்சியத்தை ஒதுக்கிவிடுவார்கள். கடற்கரை வழக்குகளில் இன்னொரு தொல்லை. முக்கியமான ஆள் கடலுக்குப் போயிருப்பார், அவரைத் தாமதமாகத்தான் விசாரிக்க முடியும். அந்தத் தாமதத்துக்கான காரணத்தைக் கேஸ் டைரியில் எழுதி வைக்காத அதிகாரி பிறகு கூண்டில் திணறுவார்.

சாட்சி பிறழ்வதுதான் எல்லாவற்றையும்விட வருத்தமான விஷயம். ஒரே ஊர், ஒரே துறை, ஒரே சங்கம். எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், மச்சானிடம்தான் நாளைக்கு ஐஸுக்கும் டீசலுக்கும் நிற்க வேண்டும். நல்லது கெட்டதுக்கு அவர்கள் வாசலை மிதித்தாக வேண்டும். அப்படிப்பட்டவர் கூண்டில் “எனக்கு ஒண்ணும் தெரியாது” என்று சொல்லிவிட்டு இறங்குவதை நான் கோழைத்தனம் என்று சொல்ல மாட்டேன். அவருக்குப் பாதுகாப்பு கொடுக்காமல் விட்டது நாம். 2018இல் உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்து, நாடு முழுக்கச் சட்டமாகவே பின்பற்றச் சொன்னது. புதிய நடைமுறைச் சட்டத்தின் 398ஆம் பிரிவு மாநிலங்கள் இதற்குத் திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது. மிரட்டல் இருந்தால் சாட்சி மனுக் கொடுத்துக் கேட்கலாம் என்பது நம் கடலோர ஊர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பலர் பிறழ்ந்துவிட்டால் வழக்கு தானாக முடிந்துவிடாது. 1957இல் சென்னை மாநிலத்திலிருந்து போன வடிவேலு தேவர் வழக்கில், ஒரே சாட்சி முழுக்க நம்பத்தக்கவராக இருந்தால் அவர் சொல்லை மட்டும் வைத்தே தண்டிக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். தலையை எண்ண வேண்டியதில்லை, சாட்சியத்தின் கனத்தைப் பார்த்தால் போதும் என்பது அதன் நிலை.

அரசுத் தரப்பு முடிந்ததும் நீதிபதி குற்றம் சாட்டப்பட்டவரிடம் ஒவ்வொரு சாட்சியத்தையும் சொல்லி விளக்கம் கேட்பார். பதில் சொல்லலாம், சும்மாவும் இருக்கலாம். பிறகு வாதம், பிறகு தீர்ப்பு. நியாயமான சந்தேகம் மிஞ்சினால் அதன் பலன் அவருக்கு.

கொலையா, மரணம் விளைவித்த குற்றமா?

ஒருவர் உயிரை எடுத்தது நிரூபணமானாலும் அது 103க்குள் வருமா என்பது அடுத்த கேள்வி. கடுமையான, திடீர்த் தூண்டுதலில் நிதானம் இழந்து செய்தது, முன் திட்டமில்லாத திடீர்ச் சண்டையில் நடந்தது, தற்காப்பில் எல்லை மீறியது போன்றவை கொலை என்ற வரையறையிலிருந்து விலக்கப்பட்டு, நியாய சன்ஹிதாவின் தண்டனை குறைந்த 105ஆம் பிரிவுக்குப் போகும். ஆளவந்தார் வழக்கில் இந்தத் தூண்டுதல் வாதம்தான் பெரிதாக எழுந்தது. ஜூரியோடு நடந்த அந்த விசாரணையில் நீதிபதி ஏ.எஸ்.பி. அய்யர் 1953இல் தீர்ப்புச் சொன்னார். உடலை வெட்டிப் பெட்டியில் அடைத்த வழக்கு என்பதால் ஊரே தூக்கை எதிர்பார்த்திருக்கலாம். குற்றம் சாட்டப்பட்ட தம்பதியில் கணவருக்குக் கிடைத்தது ஏழு ஆண்டு, மனைவிக்கு மூன்று ஆண்டு. உடலை மறைத்தது எவ்வளவு கோரமாக இருந்தாலும், உயிர் போன அந்தக் கணத்தில் மனதில் என்ன இருந்தது என்பதை நீதிமன்றம் தனியாகவே பார்க்கும். தடயத்தை மறைப்பது தனிக் குற்றம். இப்போது அது 238ஆம் பிரிவு.

நம் படகுக்காரர் கயிற்றோடு காத்திருந்தார், வல்லத்தை முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தார் என்பது நிரூபணமானால் விலக்கு எதுவும் கிடைக்காது. கொலைக்கு மரண தண்டனை அல்லது ஆயுள், கூடவே அபராதம். தூக்கு அரிதிலும் அரிதான வழக்குகளுக்கு மட்டுமே என்று 1980இல் பச்சன் சிங் வழக்கில் வரையறுக்கப்பட்டது. அப்படியே விதித்தாலும் உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் நிறைவேற்ற முடியாது. ஆயுள் என்றால் 14 வருடம் என்று பலர் நம்புகிறார்கள். ஆயுள் என்பது ஆயுள் முழுவதும்தான். இது போன்ற குற்றத்தில் 14 வருடம் முடிவதற்கு முன் அரசு தண்டனையைக் குறைத்து வெளியே விட முடியாது என்பதுதான் அந்தக் கணக்கின் பொருள்.

மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகும். 2004 ஜூலையில் அந்தக் கிளை வந்த பிறகு ராமநாதபுரத்துக்காரர்கள் சென்னைக்கு ஓட வேண்டிய நிலை மாறியது. இரண்டு நீதிபதிகள் எல்லாக் காகிதத்தையும் முதலிலிருந்து படிப்பார்கள், நடுவர் எஃப்.ஐ.ஆரை வாங்கிய நேரம் உட்பட.

இறந்தவரின் குடும்பத்துக்கும் இதில் உரிமைகள் உண்டு. எஃப்.ஐ.ஆர் நகல் இலவசம். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் போலீஸ் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். சாட்சியங்களைப் பற்றி அரசு வழக்கறிஞருக்கு உதவத் தனி வக்கீல் வைத்துக்கொள்ளலாம். வசதி இல்லாவிட்டால் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுத்துக் கேட்கலாம். பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுக்கான மனுவையும் அங்கேயே கொடுக்கலாம். இதற்குத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. குற்றவாளி யாரென்றே கண்டுபிடிக்க முடியாமல் போனாலும் இழப்பீடு கேட்க முடியும். எதிரி விடுதலையானால், அதை எதிர்த்துக் குடும்பமே மேல்முறையீடு செய்யும் உரிமை 2009இலிருந்து சட்டத்தில் இருக்கிறது. அரசு மேல்முறையீடு செய்கிறதா என்று பார்த்துக்கொண்டு நாளைக் கடத்தாமல், தீர்ப்பு நகலுக்கு அன்றைக்கே மனுப் போட்டுவிட வேண்டும்.